டெய்சி மைனி ஏற்றிவிட்ட வண்டி

அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதனால், ஒரு புதன்கிழமை காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கைபேசியில் அவர் பெயர் தெரிந்ததுமே காய்களை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன். "எஸ்தர், டெய்சி போயிட்டா" என்றார். மஸ்கட்டில் அப்போதுதான் விடிந்திருக்கும். காப்பி போட்டுக் கொண்டுபோய் எழுப்பியிருக்கிறார், அவர் மனைவி, என் டெய்சி மைனி, எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாக டாக்டர் சொன்னாராம். இவ்வளவையும் யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். பிறகு, "அவன்ட்ட நீ சொல்லிரு" என்று வைத்துவிட்டார்.

'அவன்' என்றால் அவருடைய ஒரே மகன் ஜோயல். என் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். தாய் இறந்த காலையில்கூட மகன் பெயரை அண்ணனால் சொல்ல முடியவில்லை. துக்கத்தோடு துக்கமாக அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அன்று ஜோயல், துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு குடும்பத்தைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு மணிமுத்தாறு அருவிக்குப் போயிருந்தான். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனிடம் இதை எப்படிச் சொல்வது? சொந்தக்காரர்கள் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அவர்களில் ஒருவர் உடனே அவனைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். சாயங்காலம் அவன் வந்து வேனைக் கழுவ ஆரம்பித்த பிறகுதான் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். குழாயை மூடினான். வேனின் படியில் உட்கார்ந்தான். "அப்பா கூப்பிட்டாங்களா?" என்று கேட்டான். "கூப்பிட்டாக" என்றேன். "என்கிட்ட சொல்லச் சொன்னாங்களா?" என்றான். "சொன்னாகப்பா" என்றேன். அதற்கப்புறம்தான் அழுதான்.

டெய்சி மைனியின் வண்டியில் ஒரு தடவையாவது இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. மஸ்கட்டில் எங்கள் கிறிஸ்தவ சபையில் பாதிப் பேர் அப்படி உட்கார்ந்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மைனி சாத்தான்குளத்துப் பெண். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போய், அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் கடைசிவரை வேலை பார்த்தவர். பல்வலியோடு வருகிறவனைக்கூட சிரிக்க வைத்துவிடுவார் என்று அங்கே சொல்வார்கள். நானும் அதே ஊரில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவர்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே என் வீடு. ஆகவே மைனியின் எல்லாப் பயணங்களிலும் பின்சீட்டில் ஜன்னலோரம் எனக்குத்தான். அதற்காக ஜோயல் சின்னப் பிள்ளையில் என்னோடு போடாத சண்டை இல்லை.

வளைகுடா நாடுகளில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, எங்களுக்கு ஆராதனையும் அன்றுதான். ஆராதனை முடிந்ததும் மைனி யாரையும் வீட்டுக்குப் போக விடமாட்டார். டிக்கியில் எலுமிச்சம் சோறு, அவித்த முட்டை, பாய் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் எங்கே போகிறோம் என்று மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார். சொன்னால் ஆளுக்கு ஒன்று பேசி, கடைசியில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவோம் என்பது அவர் கட்சி. எல்லோரும் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு ஜெபம் செய்வார். பயணத்துக்கு முன்னால் ஜெபம் செய்வது எங்கள் குடும்பங்களில் வழக்கம்தான். ஆனால் மைனியின் ஜெபத்தில்தான் அன்றைய திட்டம் முழுக்க இருக்கும்.

"ஆண்டவரே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். இன்னைக்கு நாங்க சூர் கடற்கரைக்குப் போகுதோம். சாப்பாட்ட ரெண்டு மணிக்கு மேல இழுக்காம இருக்க, வண்டி ஓட்டுதவருக்கு நல்ல புத்தியத் தாரும். பின்னால இருக்க எஸ்தர் போன வாரம் மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடாம வரக் கிருபை செய்யும். ஜோயல் அந்த விளையாட்டுப் பெட்டிய ஓரமா வைக்கட்டும். ஆமென்."

ஆண்டவரிடம் சொன்னதற்கு யார் மறுப்புச் சொல்வது? நாங்களும் ஆமென் போட்டுவிட்டுப் போவோம். வீட்டில் மைனி யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டியது எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைவரை சேர்த்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அண்ணன் ஜெபத்தில் கண்ணை மூடினால் தூங்கிவிடுவார். வாரம் முழுக்க வேலை செய்த மனிதர், குற்றம் சொல்ல முடியாது. ஆமென் சத்தத்தில் விழித்து வண்டியைக் கிளப்பிவிடுவார். ஆனால் எங்கே என்று கேட்கமாட்டார். கேட்டால் தூங்கியது தெரிந்துவிடுமே. ஒரு வெள்ளிக்கிழமை மைனி ஜெபத்தில் சொன்னது கடற்கரை, அண்ணன் வண்டியை விட்டது மலைப்பக்கம். நான் வாயைத் திறக்கப்போனேன், மைனி என் தொடையில் கிள்ளினார். ஜோயல் சிரிப்பை அடக்க முடியாமல் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு வந்தான். கடலைக் காணோமே என்று அண்ணனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கடைசியில் பேர் தெரியாத ஒரு ஊரில், பேரீச்சந்தோப்புக்கு நடுவே வண்டியை நிறுத்தி, "வந்தாச்சு" என்றார்.

எங்கள் பயணங்களிலேயே சிறந்தது அதுதான். அந்தத் தோப்புக்குள் இரண்டு முழ அகலத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடியது. மலையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் இந்த வாய்க்காலை அந்த நாட்டுக்காரர்கள் ஃபலஜ் என்பார்கள். சின்னச் சின்ன மீன்கள் வந்து காலைக் கடித்தன. சாயங்காலம்வரை காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அப்போது மைனி கேட்டார்: "அத்தான், நம்ம ஊரு வாய்க்கால்ல இப்படி ஒரு நாளாவது காலப் போட்டு உக்காந்திருக்கமா?"

அண்ணன் சொன்னார்: "அது நம்ம ஊருல்லா. அதுல எதுக்கு உக்காரணும்?"

மைனி அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த லீவுக்கு ஏதோ வருகிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும், அண்ணனுக்குத் தெரியாது.

லீவில் ஊருக்கு வருவது எப்படி என்று வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக்கும் ஒரு வேளை. எல்லா வீட்டிலும் கோழிக்குழம்பு. யார் வீட்டில் தங்குகிறோமோ அவர்களைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் மனவருத்தம். மாதம் முடிந்து விமானத்தில் உட்காரும்போது வயிறு கெட்டிருக்கும், ஆற்றைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டோம். அந்த வருடம் ஜோயல் என்ஜினீயரிங் முடித்திருந்தான். மஸ்கட்டில் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவனுக்கும் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அவன் அதில் சேர்வதற்கு முந்தைய லீவு அது. நாங்கள் வந்து இறங்கியதும் மைனி எங்களைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போகாமல், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் கொண்டுபோய் இறக்கினார்.

சொந்த ஊரில் லாட்ஜில் தங்குவதா? அன்று எங்கள் குடும்பத்தில் நடந்த அமளியைச் சொல்லி மாளாது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பெரியப்பாதான் முதலில் கூப்பிட்டார். "ஏளா டெய்சி, நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்? லாட்ஜுல தங்குதியளாமே" என்றார். எதிர்முனையில் அவர் மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

மைனி பதறவில்லை. "இல்ல பெரிப்பா. ஒரு வீட்ல தங்குனா இன்னொரு வீட்டுக்கு வருத்தம். எல்லார் வருத்தத்தையும் ஒண்ணு போல ஆக்கிட்டேன். காலைல ஆறு மணிக்கு வாசலுக்கு வேன் வரும். நீங்களும் பெரியம்மையும் கிளம்பி நில்லுங்க" என்றார்.

"எங்கன போறதுக்கு?"

"வண்டில ஏறுங்க, சொல்லுதேன்."

பெரியப்பா பிறந்ததிலிருந்து பாளையங்கோட்டையில் இருப்பவர். மணிமுத்தாறு அருவியைப் பார்த்ததில்லை. பாபநாசம் போனது யாரோ ஒருவர் ஈமக்கிரியைக்கு. "பக்கத்துல இருக்கத எதுக்குப் போயிப் பாக்கணும்" என்று வேனில் ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அருவியில் இறங்கிய பிறகு அவரை வெளியே கொண்டுவர மூன்று பேர் வேண்டியிருந்தது. மறுநாள் வேன் வருவதற்கு முன்பே, கையில் துண்டோடு வாசலில் நின்றார். இப்படி வாரம் முழுக்க, வருத்தப்பட்ட அத்தனை சொந்தங்களையும் மைனி முறைவைத்து வேனில் ஏற்றினார். கல்லிடைக்குறிச்சியில் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து எலுமிச்சம் சோறு சாப்பிட்டோம். வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த என் சித்தப்பா மக்கள் இரண்டு பேர் ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மடியில் இன்னொருவர் தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியுமா?

"ஒரே வண்டில ஏத்திட்டாப் போதும் எஸ்தர், மிச்சத்த ரோட்டுல இருக்க குண்டும் குழியும் பாத்துக்கிடும்" என்று மைனி என் காதில் சொன்னார்.

அந்த வாரத்தில் மைனி எதிர்பாராத ஒன்றும் நடந்தது. வாடகை வேன்காரர் அவசர வேலை என்று வேனை எங்களிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் வராமல் போகவே, ஜோயல் வண்டியை எடுத்தான். மஸ்கட்டில் வளர்ந்த பையன், எங்கள் ஊரில் வழி தெரியாதவன், ஆனால் வயலுக்கும் மலைக்கும் நடுவே அந்தச் சாலையில் ஓட்டியபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. லீவு முடியும் நேரத்தில், தான் மஸ்கட்டுக்கு வரவில்லை என்றான். அண்ணன் விளையாட்டு என்று நினைத்தார். தன்னைப்போல லீவில் வருகிற குடும்பங்களை, வீட்டுப் பெரியவர்களோடு சேர்த்து வேனில் ஏற்றி, ஊரைச் சுற்றிக் காட்டப்போவதாக அவன் விளக்கமாகச் சொன்ன பிறகுதான் அண்ணனுக்கு உறைத்தது. "என்ஜினீயருக்குப் படிச்சவன் டிரைவரா?" என்று கேட்டார். அதுதான் அவனிடம் அவர் கடைசியாகப் பேசியது. அவனுக்கு மாடியில் இடம் கொடுத்தவள் என்பதற்காக, நான் ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு என்னோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார். மைனியிடம் மட்டும், "புள்ளைக்கு ஊரக் காட்டுதேன்னு போயி புள்ளையவே ஊர்ல விட்டுட்டு வந்துட்டியே" என்று வாரத்துக்கு ஒரு தடவை சொல்வாராம்.

வெறும் கௌரவம் என்று நான் அவரைக் கரித்துக்கொட்டியபோது, மைனிதான் என்னை நிறுத்தினார். அண்ணன் இப்போது கம்பெனியில் சூப்பர்வைசர், ஆனால் மஸ்கட்டுக்குப் போனது அந்த வேலைக்கு அல்ல. கம்பெனியின் தொழிலாளர் பஸ்ஸுக்கு டிரைவராகப் போனவர். வெயிலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, மற்றவர்கள் ஏ.சி. அறையில் சாப்பிட்டு முடித்து வரும்வரை காத்திருந்த காலம் அவருக்கு உண்டு. இராத்திரிப் படிப்புப் படித்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். "அவிய கோவம் ஜோயல் மேல இல்ல எஸ்தர், அந்த ஸ்டியரிங் மேல. தாம் புள்ள கை அதுல படக்கூடாதுன்னுதான் அவ்வளவு பாடும் பட்டாக" என்றார். அதைக் கேட்ட பிறகு அண்ணன் மேல் எனக்கு இருந்த கோபம் குறைந்தது. ஆனாலும் பேசாத தகப்பனோடு ஒரு பையன் எத்தனை வருடம் இருப்பான் என்ற கவலை குறையவில்லை.

மைனி ஒவ்வொரு வாரமும் ஜோயலைக் கூப்பிடுவார். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, சமையலறையில் வேலையைப் பார்த்துக்கொண்டே சத்தமாகப் பேசுவார். இந்த வாரம் யார் வந்தார்கள், எங்கே கூட்டிப் போனாய், டயர் மாற்றினாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். மேசையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கத்தை அரைமணி நேரம் படிப்பாராம். இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மைனி என்னோடு பேசினார். "மே மாசம் வாரோம். இந்தத் தடவ அத்தான அவன் வண்டியில ஏத்திருவேன். நீ ஒண்ணும் குறுக்க பேசாம இரு, அது போதும்" என்றார். மே மாதம் வருவதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது. எங்கே போகிறோம் என்று ஜெபத்தில் சொல்லாமல் மைனி கிளம்பியது அந்த ஒரு தடவைதான்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸில் அவரைக் கொண்டுவந்தோம். அண்ணன் மைனியோடு ஆம்புலன்ஸில் ஏறினார். ஜோயல் எங்களை ஏற்றிக்கொண்டு வேனில் பின்னால் வந்தான். வழியில் ஒரு இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றபோது, அண்ணன் இறங்கித் தண்ணீர் குடித்தார். பத்தடி தூரத்தில் ஜோயல் நின்றான். இரண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி வீங்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் பெட்டியின் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். மைனி இருந்திருந்தால் இரண்டு பேரையும் இழுத்து ஒரே பக்கம் நிறுத்தியிருப்பார். எனக்கு அந்தத் திராணி இல்லை. அண்ணனுக்குக் கம்பெனியில் ஒரு மாத லீவு கொடுத்திருந்தார்கள். அது முடிந்து இப்படியே அவர் விமானம் ஏறிவிட்டால் இவர்கள் இனிப் பேசப்போவதில்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நடுவில் நின்று பேச்சை உயிரோடு வைத்திருந்த ஆள் போய்விட்டாரே.

அண்ணன் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நினைவு ஆராதனை வைத்தோம். மைனியோடு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சூசம்மா என்ற மலையாளத்துப் பெண்ணும் அவர் கணவரும், லீவில் திருவல்லாவுக்கு வந்திருந்தவர்கள், ரயிலேறி வந்துவிட்டார்கள். ஆராதனை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சூசம்மா சொன்னார்: "டெய்சி எப்போதும் உங்கள் ஊர் ஆற்றைப் பற்றியே பேசும். அதைப் பார்க்காமல் திரும்பிப் போக மனசில்லை."

நான் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது: "டெய்சி மைனி வீட்டுக்கு வந்தவுகள வெறுஞ்சோறு போட்டா அனுப்புவோம்? ஊரக் காட்டணும்லா."

அவர் தலையசைத்தார். மைனி பேரைச் சொன்னால் மறுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மறுநாளைக்கு ஒரு வண்டி சொல்லலாம் என்று தாமாகவே நாலு இடத்துக்குப் பேசினார். மறுநாள் பெரிய முகூர்த்தம். ஊரிலுள்ள வேன், கார் அத்தனையும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். நான் மைனி சொன்னபடி குறுக்கே பேசாமல் இருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

காலையில் வாசலில் ஜோயலின் வேன்தான் நின்றது. அதன் கடைசி வரிசையில், ஓட்டுகிறவன் கண்ணாடியில் படாத மூலையாகப் பார்த்து அண்ணன் உட்கார்ந்தார். சூசம்மா மலையாளத்தில் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். வண்டி பேட்டையைத் தாண்டியது, சேரன்மகாதேவியைத் தாண்டியது. அறுவடை முடிந்து சில வயல்களில் நாற்று பாவியிருந்தார்கள். சூசம்மாவின் கணவர் ஒவ்வொரு பாலத்துக்கும் இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஜோயல் முன்னாலிருந்து சொன்னான். எந்த அணையிலிருந்து எந்தக் கால்வாய் பிரிகிறது, எந்த மாதம் தண்ணீர் விடுவார்கள் என்று நிதானமாக, ஆசையாகச் சொன்னான். அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் வருவதை நான் கவனித்தேன். வீரவநல்லூர் தாண்டியதும் ஜோயல் பெரிய சாலையை விட்டு ஒரு வண்டிப்பாதையில் திருப்பினான்.

"எங்கலே போறோம்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அண்ணன்தான். போகிற இடத்தை வாழ்நாளில் ஒருமுறைகூட யாரிடமும் கேட்காத மனிதர். "கால்வாய்க் கரைக்குப்பா. அம்மா அங்கே உட்காரணும்னு சொன்னாங்க" என்றான் ஜோயல்.

"ம். பைய போ. பள்ளமா இருக்கு."

"சரிப்பா."

அவ்வளவுதான் பேச்சு. கால்வாய்க் கரையில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். தண்ணீர் நிறைய ஓடியது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை உள்ளே விட்டார், அவருக்கு ஒரு கை தள்ளி ஜோயல். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கே கண் தெரியவில்லை.

மதியம் பாபநாசம் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். சுற்றுலாக்காரர்கள் வரும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களைக் கொண்டுவரும் டிரைவர்களுக்குச் சமையல்கட்டுப் பக்கம் தனியாக ஒரு மேசை போட்டிருப்பார்கள். மரியாதையாகத்தான் நடத்துவார்கள், காசும் வாங்கமாட்டார்கள், ஆனால் இடம் அங்கேதான். ஜோயலை அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் முன்பக்கம் உட்கார்ந்து இலை போட்டதும், அவன் பழக்கத்தில் பின்பக்கம் நடந்தான். கடைக்காரர் எங்களிடம் வந்து, "டிரைவருக்கு உள்ள இலை போட்டாச்சு அண்ணாச்சி. நீங்க சாப்பிடுங்க" என்றார்.

அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுத்தார். எழுந்து நின்றார். "ஏலே ஜோயல்" என்று கூப்பிட்டார். கடைக்குள் எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. ஜோயல் சமையல்கட்டு வாசலில் அப்படியே நின்றான்.

அவன் டிரைவர் இல்லை, என்ஜினீயர் என்று அண்ணன் சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படிச் சொன்னால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அண்ணன் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "டிரைவர்தான் வே. எம் மவன். எங்ககூட உக்காந்துதான் சாப்பிடுவான்."

சொல்லிவிட்டுப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். ஜோயல் வந்து உட்கார்ந்தான். அண்ணன் தன் இலையிலிருந்த பொரித்த மீனை எடுத்து அவன் இலையில் வைத்தார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல், இன்னொரு மீன் கொண்டுவந்து அண்ணனுக்கு வைத்தார். சூசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதைப் பார்க்க மைனி இல்லையே என்று எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் அன்றைக்கு நான் அழுதது அந்த வலியினால் மட்டும் இல்லை.

அண்ணன் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். கணக்கு வழக்குகளை முடித்துக்கொண்டு, வருடக் கடைசியில் வந்துவிடப்போகிறார். இப்போதும் என்னை அவர் அழைப்பதில்லை. ஜோயலைத்தான் அழைக்கிறார். டயரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுகிறார்கள். மாடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும்போது நான் கீழே தொலைக்காட்சியைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன்.

மைனியின் சேலைகளைச் சொந்தக்காரப் பெண்கள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டாம் என்றேன், எனக்கு அவர் விட்டுப்போனது வேறு. பேச்சு நின்றுபோன இடத்தில் உட்கார்ந்து நியாயம் பேசாமல், எல்லோரையும் எழுப்பி எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடும் தைரியம் அது. என்னிடம் அது முன்பு இருந்ததில்லை. எங்கள் தெருவில் மதில் தகராறில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வருகிற சனிக்கிழமை ஜோயலின் வேன் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போகிறது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம், ஒரு இடம் காலியாக இருக்கிறது, வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்தடுத்த சீட் என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது.